நீராவி அயனும் கிணற்றுத் தண்ணீரும்: வன்னி வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் நீராவி அயன் வாங்க நினைப்பவர் கடைக்குப் போகுமுன் தம் வீட்டுக் கேத்தலின் உள்ளே ஒரு தடவை பார்க்க வேண்டும். அடியில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் அதே பொருக்கு அயனுக்குள்ளும் படியும். கேத்தலையாவது சுரண்டிக் கழுவலாம். அயனுக்குள் ஆவி உண்டாகும் அறையைத் திறக்கவே வழியில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கிய அயன் சீக்கிரமே மூலைக்குப் போவதற்கு, என் கணிப்பில், தண்ணீர்தான் முதற்காரணம். மின்சாரம் இரண்டாவது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

கருவியின் அமைப்பு எளிமையானது. தாங்கியில் உள்ள தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சூடான அடித்தட்டின் மேலுள்ள அறைக்குள் விழுகிறது. விழுந்த கையோடு ஆவியாகித் துளைகள் வழியே துணிக்குள் இறங்குகிறது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த கல்சியமும் மக்னீசியமும் உப்பும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பல கிணறுகளின் தண்ணீர் கடினத்தன்மை கூடியது. கரையோரம் போகப் போக உவரும் சேர்ந்துகொள்ளும். இந்தத் தண்ணீரை வாரம் தவறாமல் ஊற்றினால் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும். ஆவி குறையும். பிறகு அடைசல் உடைந்து, கலங்கிய சொட்டாகத் துணியில் விழும்.

அப்படி விழுந்த சொட்டு வெள்ளைச் சீருடையில் காய்ந்த பின் எப்படியிருக்கும் என்று பல தாய்மாருக்குத் தெரியும். பொத்தான் வரிசைக்குப் பக்கத்தில் சிறு நாணயமளவில் ஒரு மண்ணிற வட்டம். நடுப்பகுதி வெளிறியிருக்கும், விளிம்பு மட்டும் கறுத்திருக்கும். சொட்டு காயும்போது அதிலுள்ள அழுக்கு விளிம்புக்கு ஒதுங்குவதால் வருவது அது. கண்டவுடன் அதன் மேலேயே மறுபடி சூடு கொடுப்பது பெரிய பிழை. கறை நூலோடு இறுகிவிடும். அயனை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? குடிதண்ணீருக்காக இப்போது வன்னியின் பல ஊர்களில் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையங்கள், அதாவது தண்ணீரை நுண்சவ்வு வழியே அழுத்தி வடிப்பவை, இயங்குகின்றன. அங்கே எடுக்கும் தண்ணீரில் கரைந்த தாதுக்கள் மிகக் குறைவு. அயனுக்கு அதைவிட நல்லது வேண்டியதில்லை. தாங்கி கொள்வதே பெரும்பாலும் கால் லீற்றர் அளவுதான். ஒரு போத்தலை இதற்கென்று நிரப்பி வைத்தால் நாலைந்து பேருள்ள வீட்டுக்குக் கனநாள் வரும். ஆர்.ஓ. கிடைக்காவிட்டால் கொதித்தாறிய தண்ணீரை அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் துணியில் வடித்து ஊற்றலாம். கொதிக்கும்போது கடினத்தன்மையின் ஒரு பகுதி வெள்ளைப் படிவாகக் கீழே இறங்கிவிடும். முழுவதும் இறங்காது, உவர் போகவே போகாது. ஆகவே அது இரண்டாந்தர வழிதான்.

மாரியில் பிடித்த மழைத் தண்ணீரை ஊற்றுவது பார்க்கப் புத்திசாலித்தனமாகத் தோன்றும். அதில் கடினத்தன்மை இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஓட்டிலும் தகரத்திலும் வழிந்து வரும்போது தூசி, சருகு, பறவை எச்சம் எல்லாவற்றின் சாரமும் அதில் இறங்குகிறது. ஆவி அறையின் சூட்டில் அவை கருகி, அதே மண்ணிறக் கறையைத் தரும். மழைத் தண்ணீர் வேண்டாம் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. பற்றரிக் கடையில் எடுக்கும் தண்ணீரிலும் கவனம் தேவை: அங்கே வடித்த தண்ணீரும் அமிலமும் பக்கத்துப் பக்கத்துப் போத்தல்களில் இருக்கும். வாசனைத் திரவம், துணி மென்மையாக்கி, கஞ்சி, இவற்றில் எதையும் தாங்கிக்குள் ஊற்றவே கூடாது. கஞ்சி துணிக்கு உரியது.

ஏற்கெனவே அடைபட்ட அயனுக்குத் தேசிக்காய்ப் புளி விடும் வழக்கமும் இருக்கிறது. புளியில் உள்ள அமிலம் பொருக்கைக் கரைக்கும்தான். ஆனால் அதோடு வரும் சக்கையும் இனிப்பும் உள்ளே கருகி ஒட்டும். வினாகிரி சில அயன்களின் உட்பூச்சையும் இறப்பர் வளையத்தையும் அரிக்கும். இன்றைய நீராவி அயன்கள் பலவற்றில் தன்னைத்தானே சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது. தாங்கியை நிரப்பி, கூடிய சூட்டில் வைத்து, விளக்கு அணைந்ததும் பிளக்கைக் கழற்றி, ஒரு பேசினுக்கு மேலே கிடையாகப் பிடித்து அந்த விசையை அழுத்த வேண்டும். கொதிநீரும் ஆவியும் வெள்ளைத் துகள்களைத் தள்ளிக்கொண்டு வரும், கை அவதானம். கிணற்றுத் தண்ணீர் பாவிக்கும் வீட்டில் இதை மாதத்துக்கு இருமுறையாவது செய்யுங்கள். இந்த வசதி இல்லாத நீராவி அயனை வன்னியில் வாங்குவதே தவறு என்பேன்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை நம்பி வாங்குவது அடுத்த தவறு. நிமிடத்துக்கு 10 கிராம் ஆவி உண்டாக்கச் சுமார் 425 வாற் வேண்டும். இது இயற்பியல், எந்தக் கம்பனியாலும் மாற்ற முடியாது. 1200 வாற் அயனில் 'தொடர் ஆவி 40 கிராம்' என்று எழுதியிருந்தால் அது ஆகாத காரியம், ஏனென்றால் அதற்கு ஆவிக்கு மட்டுமே 1700 வாற் தேவை. 100, 150 கிராம் என்று பெரிதாகப் போட்டிருப்பது ஒரு கணம் பீச்சும் ஆவியின் வேகம், தொடர்ந்து வருவதில்லை. வீட்டுத் துணிக்கு நிமிடத்துக்கு 20 கிராம் தொடர்ந்து வந்தாலே போதும்.

அதற்காக 2400 வாற் அயனை வாங்கிவிடவும் அவசரப்பட வேண்டாம். நமது மின்சாரம் 230 வோல்ற். ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில் இருக்கும் வீடுகளில் மாலை வேளையில் அது இறங்கும். 190 வோல்ற்றுக்கு இறங்கினால் 2200 வாற் அயன் 1500 வாற்தான் தரும். ஆவியைக் கூட்டி வைத்தால் சூடு போதாமல் தண்ணீர் முழுவதும் ஆவியாகாது, சொட்டக்கூடும். அயன் பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகுமுன், பகலில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

பிளக் பொயின்ற் விடயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2200 வாற் அயன் கிட்டத்தட்ட 10 அம்பியர் இழுக்கும். மின்குமிழுக்காக இழுத்த வயரில், 5 அம்பியர் உருண்டைப் பொயின்ற்றில், அடப்ரர் வைத்து இதைக் கொழுவுவது நெருப்போடு விளையாடுவது. மூன்றாவது துளைக்குள் பேனை மூடியைக் குத்தித் திறந்து இரண்டு முள் பிளக்கைத் திணிக்கும் பழக்கமும் நம்மிடையே இருக்கிறது. அந்த மூன்றாவது முள்தான் எர்த், கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோவது. தண்ணீர் நிறைந்த கருவியை, சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று பிடிக்கிறோம். எர்த் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடு என்றால் அயன் வாங்கும் காசில் முதலில் அதைப் போடுங்கள். அயன் பிறகு வரட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பாசத்தோடு கொண்டுவரும் அயனையும் பார்த்தே கொழுவ வேண்டும். இலண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ வருவது 230 வோல்ற்றுக்கு உரியது. பிரான்ஸ், ஜேர்மனி பிளக்குக்கு எர்த் தொடர்பைக் காக்கும் சரியான மாற்றி வேண்டும். கனடாவிலிருந்து வருவது 120 வோல்ற். நமது மின்சாரத்தில் போட்டால் மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி பாய்ந்து சில கணங்களில் எரிந்துவிடும். வருகிறவர்களிடம் முற்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் காசும் வீணாகாது.

பாவனையில் நடக்கும் தவறுகள் பல, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியின் பழக்கங்கள். யுத்த காலத்தில் மின்சாரமே இல்லாமல் நீண்ட காலம் அந்தப் பெட்டியால்தான் வன்னியில் உடுப்பு மினுக்கினோம். அதன் அடியை வாழையிலையிலும் மெழுகுதிரியிலும் தேய்த்து வழுக்கச் செய்தது அன்று சரி. இன்று அப்படிச் செய்தால் ஆவித் துளைகளுக்குள் பாலும் மெழுகும் போய் அடைக்கும். சூடு ஆறிய பின் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கத்தியும் கம்பித் தும்பும் பூச்சை உரித்துவிடும்.

அயனின் சூட்டுத் திருகில் போட்டிருக்கும் புள்ளிகளையும் கவனியுங்கள். ஒரு புள்ளி 110 பாகை, இரண்டு 150, மூன்று 200 பாகை செல்சியஸ் வரை. ஒரு புள்ளியில் வைத்து ஆவி திறந்தால் பெரும்பாலான அயன்கள் தண்ணீரைத்தான் விடும். பொலியெஸ்டர் கூடிய துணிக்கு அந்தச் சூடே போதும், ஆவி வேண்டாம். வெள்ளைத் துணி அயன் பட்டு மஞ்சளிக்கிறது என்றால் சலவையையும் பார்க்க வேண்டும். கடினமான தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்து நூலில் ஒட்டும். சரியாக அலசாவிட்டால் சூட்டில் அது நிறம் மாறும். கிரவல் வீதிக்கு அருகே காயப்போட்ட உடுப்பை உதறாமல் ஆவி பிடித்தால் செம்புழுதியும் அப்படியே பதியும்.

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குக் கஞ்சி போட்டு எடுத்துவைக்கும் வேட்டிக்கு நீராவி உதவாது. அரை ஈரத்தில் எடுத்து, ஆவியை மூடி, மூன்று புள்ளிச் சூட்டில் அழுத்தினால்தான் முறுக்கு நிற்கும். கூறைச் சேலைக்கு இதற்கு நேர்மாறு: குறைந்த சூடு, உட்புறம் திருப்பி, மேலே காய்ந்த பருத்தித் துணி விரித்து, ஆவியும் தெளிப்பும் இல்லாமல். பட்டில் ஒரு சொட்டு விழுந்தாலே தடம் நிற்கும். சரிகை கறுக்கவும் கூடும்.

வேலை முடிந்ததும் தாங்கியில் மிஞ்சிய தண்ணீரைச் சூடு ஆறுமுன் ஊற்றிவிட்டு, அயனை நிமிர்த்தி வையுங்கள். வயரை அயன் ஆறிய பிறகே சுற்றுங்கள்.