கோதுமைப்புல் சாறு: கையில் இருக்கும் கருவியை வைத்தே எடுக்கலாம்

கோதுமைப்புல் சாறு குடிக்கலாம் என்று முடிவு செய்ததும் பலரும் முதலில் தேடுவது எந்த ஜூசர் நல்லது என்பதைத்தான். அவசரப்பட வேண்டாம். ஒரு மிக்ஸியும் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியும் இருந்தால் இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம், ஒன்றிரண்டு மாதம் குடித்த பிறகும் அலுக்கவில்லை என்றால் அப்புறம் மெஷினைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம். அதனால் மிக்ஸி முறையை விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றைத் தேவையான அளவுக்கு மட்டும்.

கருவிக்குப் போவதற்கு முன்னால் புல்லைப் பற்றி ஒன்று. சாறு முழுக்க இலையின் செல்களுக்குள்ளே இருக்கிறது, அதைச் சுற்றி நார். அந்த நார் மாட்டுக்குச் செரிக்கும், நமக்குச் செரிக்காது, அதனால்தான் சாறு மட்டும் பிரித்து எடுக்கிறோம். பழத்தை நறுக்கினாலே சாறு வழியும்; புல்லை நறுக்கினால் வெட்டுப்பட்ட நுனியில் லேசாக ஈரம் கசியும், அவ்வளவுதான். நசுக்கவும் அழுத்திப் பிழியவும் வேண்டும். உங்களிடம் இருக்கும் கருவி புல்லை நசுக்குகிறதா, வெறுமனே வெட்டுகிறதா என்று பாருங்கள். வெட்ட மட்டும்தான் செய்கிறது என்றால் நசுக்கும் வேலையை உங்கள் கை செய்ய வேண்டியிருக்கும்.

புல்லை அறுத்துத் தயார் செய்வது

விதைத்து ஏழு முதல் பத்து நாளில் புல் 15 செ.மீ. அளவுக்கு வளர்ந்திருக்கும். குளிரான இடத்தில் இன்னும் சில நாள் ஆகும். நாள் கணக்கைவிட செடியைப் பார்ப்பது நல்லது: முதல் இலையின் பக்கத்திலிருந்து இரண்டாவது இலை எட்டிப்பார்க்கும் நேரம்தான் அறுப்பதற்குச் சரியான நேரம். அதையும் தாண்டி விட்டால் நார் கூடிக்கொண்டே போகும், சுவையும் மாறும், மிக்ஸியில் போட்டால் நூல் நூலாகச் சுற்றிக்கொள்ளும்.

கத்தரிக்கோலால் விதைக்கு ஒரு செ.மீ. மேலே வெட்டுங்கள். அடியோடு ஒட்ட வெட்டினால் மண்ணும் விதைத் தோலும் சேர்ந்து வரும். பூஞ்சை வந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். வேரில் வெள்ளையாக மெல்லிய தூவி போல எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தால் அது வேர்த்தூவி, பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளித்ததும் அது படிந்து மறைந்துவிடும். ஆனால் விதைகளுக்கு இடையே திட்டுத் திட்டாகப் பஞ்சு மாதிரி படர்ந்து, முகர்ந்தால் புளித்த வாடை அடித்தால் அந்தத் தட்டை யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அறுத்ததை ஓடும் தண்ணீரில் அலசி, நன்றாக உதறுங்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 30 முதல் 40 கிராம் போதும், அதாவது ஒரு கைப்பிடி கொஞ்சம் தாராளமாக. மீதி இருந்தால் ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கலாம், சில நாள் தாங்கும். சாறாக்கி வைப்பதைவிட புல்லாக வைப்பதுதான் எப்போதும் மேல்.

மிக்ஸி முறை

1. புல்லை இரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். இதில் சோம்பல் வேண்டாம். நீளமாகப் போட்டால் பிளேடுக்கு அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும், மோட்டார் முக்க ஆரம்பிக்கும்.

2. சின்ன ஜாரையே எடுங்கள். பெரிய ஜாரில் இவ்வளவு குறைவான புல்லைப் போட்டால் பிளேடு ஒரு பக்கம் சுற்றும், புல் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும்.

3. 50 மில்லி குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, பல்ஸில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் ஐந்து, பத்து விநாடி போதும். நடுவில் நிறுத்தி, ஒட்டியிருப்பதைக் கரண்டியால் வழித்து உள்ளே தள்ளுங்கள்.

4. விழுது மாதிரி ஆனதும் இன்னும் 50 முதல் 100 மில்லி தண்ணீர் சேர்த்து ஒரே ஒரு சுற்று. இதற்கு மேல் ஓட்டாதீர்கள். அதிகம் ஓட்டினால் நார் பொடியாகித் துணி வழியாக இறங்கும், நுரை பொங்கும், ஜாரும் சூடாகும்.

5. பாத்திரத்தின் மேல் துணியை விரித்து ஊற்றி, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்கிப் பிழியுங்கள்.

ஐந்தாவது படியில்தான் பாதிச் சாறு வரும் அல்லது வீணாகும். டீ வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தினால் கண்ணெல்லாம் நாரால் அடைத்துக்கொள்ளும், சக்கையிலேயே நிறையத் தங்கிவிடும். துணியை முறுக்கிப் பிழியும்போதுதான் மிக்ஸி செய்யாமல் விட்ட அழுத்தும் வேலை நடக்கிறது. இறுகப் பிழிந்த பிறகும் சக்கை அடர் பச்சையாக இருக்கிறதா? அதையே திரும்ப ஜாரில் போட்டு, இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் விட்டு இன்னொரு சுற்று ஓட்டிப் பிழியுங்கள். வெளிறிப் போய், உதிர்த்தால் உதிரும் அளவுக்கு வந்துவிட்டால் அதில் இனி ஒன்றும் இல்லை.

தண்ணீர் கலந்ததால் சத்து போய்விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் சேர்ந்தால் சாறு நீர்த்திருக்கும், அளவு கூடியிருக்கும், வேறொன்றும் இல்லை. மொத்தத்தையும் குடித்துவிட்டால் கணக்கு சரிதான். உண்மையில் முதல்முறை குடிப்பவருக்கு நீர்த்த சாறுதான் வசதி, ஏனென்றால் சுத்தமான சாறு சிலருக்குக் குமட்டும்.

நிற்க வைத்து அடிக்கும் பிளெண்டர் இருந்தாலும் இதே முறைதான், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். கையில் பிடித்து அடிக்கும் பிளெண்டரால் முடியும், ஆனால் குறுகலான உயரமான பாத்திரத்தில் செய்யுங்கள், இல்லாவிட்டால் சமையலறையே பச்சையாகிவிடும்.

உரல் அல்லது அம்மி

மின்சாரமே வேண்டாம், நசுக்கும் வேலையும் முழுமையாக நடக்கும். ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாக இடித்தோ அரைத்தோ துணியில் பிழிய வேண்டியதுதான். நுரை குறைவு, சாறு கெட்டியாக இருக்கும். ஒருவருக்கு என்றால் சரி. நான்கு பேருக்கு என்றால் கை வலிக்கும், சொல்லிவிட்டேன்.

வேகமாகச் சுற்றும் சாதாரண ஜூசர்

ஆப்பிள், கேரட் போட்டுச் சாறு எடுப்போமே, அந்த வகை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். துருவி, சல்லடை மேல் வீசியடித்துச் சாற்றைப் பிரிக்கும். கெட்டியான காய்க்கு அருமையான கருவி, புல்லுக்கு ஏற்றதே இல்லை. எடையில்லாத இலை துருவலில் சரியாகப் படாமல் அப்படியே சக்கைப் பெட்டிக்குப் பறந்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் புல்லை இறுக்கமாக உருண்டையாகச் சுருட்டி, இரண்டு ஆப்பிள் துண்டுகளுக்கு நடுவில் வைத்துத் தள்ளுங்கள், பிறகு சக்கையைத் துணியில் போட்டுப் பிழியுங்கள். கடைசியில் துணியில்தான் பிழியப் போகிறோம் என்றால் மிக்ஸியே போதாதா என்பது என் கேள்வி.

கையால் சுற்றும் ஜூசர்

மேசை ஓரத்தில் இறுக்கி மாட்டி, கைப்பிடியைச் சுற்றும் வகை. உள்ளே இருக்கும் திருகு புல்லை இழுத்துக்கொண்டு போய், குறுகிக்கொண்டே வரும் இடத்தில் வைத்து நெரிக்கும். சாறு கீழே சொட்டும், சக்கை முனையில் கயிறு மாதிரி வெளியே வரும். புல்லுக்கென்றே வாங்குவதாக இருந்தால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். சத்தம் இல்லை, பழுதாக மோட்டார் இல்லை. சிறு சிறு கொத்தாகக் கொடுங்கள். சுற்றவே முடியாமல் இறுகினால் பலத்தைக் காட்ட வேண்டாம், அரைச் சுற்று பின்னால் திருப்பிவிட்டு மறுபடி முன்னால் சுற்றுங்கள். மேசை விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் பிடிமானத்துக்கு அடியில் ஒரு துணித்துண்டை மடித்து வைத்து இறுக்குங்கள்.

ஸ்லோ ஜூசர்

அதே திருகு, மோட்டாரோடு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 100 சுற்றுதான். படுக்கைவாக்கில் இருக்கும் மாடல் புல்லை நன்றாக இழுக்கும். நின்றவாக்கில் இருப்பதில் நீளமான இலை திருகைச் சுற்றிக்கொள்ளலாம், அதனால் மூன்று நான்கு செ.மீ. துண்டுகளாகப் போடுங்கள். தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். கடைசியில் ஒரு துண்டு கேரட்டோ ஆப்பிளோ போட்டால் உள்ளே தங்கிய புல்லையும் தள்ளிக்கொண்டு வரும். ஈரமாக வரும் சக்கையை இன்னொரு தடவை உள்ளே விடலாம்.

எந்த மெஷினாக இருந்தாலும் முடித்த கையோடு கழுவிவிடுங்கள். புல் நார் காய்ந்துவிட்டால் சல்லடைக் கண்ணில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷோடு போராட வேண்டியதுதான்.

குடிப்பது, வைப்பது

எடுத்ததும் குடியுங்கள். பதினைந்து, இருபது நிமிடத்துக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். நேரம் ஆக ஆக வாசனை கனத்துப் போகும், நிறம் மங்கும். எலுமிச்சை பிழியும் எண்ணம் இருந்தால் குடிக்கும் நொடியில் பிழியுங்கள். புளிப்போ சூடோ பட்டால் பச்சையத்தின் நடுவில் இருக்கும் மெக்னீசியம் விலகிவிடும், பளிச்சென்ற பச்சை காக்கி நிறமாக மாறும். இந்தப் பச்சையம் உடலுக்குள் போய் ரத்தமாகிவிடும் என்று சொல்லித்தான் நிறையப் பேர் விற்கிறார்கள். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினின் நடுவில் இருப்பது இரும்பு. இரண்டுக்கும் அமைப்பில் ஒற்றுமை இருக்கிறது என்பது உண்மை, ஒன்று இன்னொன்றாக மாறும் என்பது கதை. புற்றுநோய் குணமாகும் என்ற பேச்சையும் நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

தண்ணீர் சேர்க்காத சாற்றின் கணக்கில் முதல் வாரம் 15 மில்லி, ஒத்துக்கொண்டால் 30 மில்லி. பச்சை இலைகளில் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே இருப்பதால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகளும் கேட்டுக்கொள்ளட்டும், ஏனென்றால் ஈரத்தில் முளைக்க வைத்துப் பச்சையாகக் குடிக்கும் பொருளில் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாதவர்களுக்கு ஒரு குறிப்பு: குளூட்டன் இருப்பது விதையில், இலையில் இல்லை. ஆனால் அறுக்கும்போது ஒரு விதை சேர்ந்துவிட்டால்கூடச் சிக்கல் என்பதால் சீலியாக் நோய் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்கள் தவிர்ப்பதே பாதுகாப்பு.

மிஞ்சிய சாற்றை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடிப்பதைவிட, உடனே ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பது நல்லது. உறைந்ததும் கட்டிகளை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், திறந்த ட்ரேயிலேயே விட்டால் ஃப்ரீசர் வாடை ஏறிவிடும். வேண்டும்போது ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டால் தானே கரைந்துவிடும், சூடு காட்ட வேண்டாம்.