இராயனுடையது எது, தேவனுடையது எது: அதிகாரத்தைப் பற்றிய வசனங்களில் நாம் தவறும் இடங்கள்

தேர்தல் நெருங்கினால் போதும், கிறிஸ்தவ வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வசனங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். "இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள்" என்று இயேசு சொன்னது ஒன்று; இராயன் என்றால் ரோமப் பேரரசன். "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று ரோமர் 13இல் பவுல் எழுதியது மற்றொன்று. இரண்டையும் வைத்து, ஆள்பவரைக் கேள்வி கேட்பதே பாவம் என்று முடித்துவிடுகிறார்கள். வேதம் அதிகாரத்தை மனிதனுக்கு இரவலாகத்தான் கொடுக்கிறது. நாமோ அதை அவன் பெயருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் காசுக்கு வருவோம். உலகத்தை இரண்டு பங்காகப் பிரித்து, அரசியலும் பணமும் இராயனுக்கு, ஜெபமும் ஞாயிற்றுக்கிழமையும் தேவனுக்கு என்று இயேசு பாகப்பிரிவினை செய்ததாகப் பலர் வாசிக்கிறார்கள். இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்குத்தான் அவர் அப்படிச் சொன்னார். அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்று பாருங்கள். கி.பி. 6இல் யூதேயா ரோமரின் நேரடி ஆட்சிக்குள் போனது. அப்போது வரி போடுவதற்காகக் குடிமதிப்பு (மக்கள் கணக்கு) எழுதப்பட்டது, அதை எதிர்த்துக் கலிலேயனாகிய யூதாஸ் கலகம் செய்தான். அப்போஸ்தலர் 5:37 அதை நினைவுகூர்கிறது. அந்த வரியைப் பற்றித்தான் பரிசேயரின் சீஷரும், ஏரோது குடும்பத்தை ஆதரித்த ஏரோதியரும் சேர்ந்து வந்து கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்றால் ஜனங்கள் வெறுப்பார்கள். கூடாது என்றால் ரோமருக்கு எதிரான கலகக்காரன் என்று பிடித்துக் கொடுத்துவிடலாம்.

இயேசு காசைக் காட்டச் சொல்கிறார். காசு அவரிடம் இல்லை, கேட்க வந்தவர்கள்தான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தக் காலத்து ரோம வெள்ளிக்காசில் அப்போதைய இராயன் திபேரியுவின் தலையும், அவன் தெய்வமான அகஸ்துவின் மகன் என்ற எழுத்தும் இருந்தன. "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?" என்று கேட்கிறார். இந்த இடத்தில் தமிழில் வாசிக்கிற நமக்கு ஒரு நூல் அறுந்துபோகிறது. சுரூபம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் எய்கோன். ஆதியாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், தேவன் மனுஷனைத் தம் சாயலாகப் படைத்தார் என்னும் இடத்திலும் அதே சொல்தான். நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் காசுக்குச் சுரூபம், மனிதனுக்குச் சாயல் என்று வார்த்தை மாறிவிட்டதால் காதில் அந்த எதிரொலி விழுவதில்லை. காசில் இராயனின் உருவம் இருக்கிறதா, சரி, அது அவனுக்குப் போகட்டும். தேவனின் உருவம் பதிந்த மனிதன் யாருக்குச் சொந்தம்? இன்னொன்றும் கவனியுங்கள். கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு, திருப்பிக் கொடுங்கள் என்ற பொருளுள்ள சொல்லால் அவர் பதில் சொல்கிறார். வரியை அவர் மறுக்கவில்லை. ஆனால் இராயனுக்கு ஒரு சில்லறைக் காசை விட்டுவிட்டு, மனிதனை முழுவதுமாகத் தேவன் பக்கம் வைத்துவிட்டார்.

ரோமர் 13இல் நடக்கும் தவறு வேறு மாதிரியானது. அங்கே ஏழு வசனங்களைத் தனியாக வெட்டி எடுத்துவிடுகிறோம். பவுல் எழுதியது ஒரு கடிதம், அதில் 12, 13 என்ற எண்கள் கிடையாது. நாம் இன்று பயன்படுத்தும் அத்தியாயப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. எண்ணை மறைத்துவிட்டு வாசித்தால் ஓட்டம் தெரியும். துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள், பழிவாங்காதிருங்கள், தீமையை நன்மையினாலே வெல்லுங்கள் என்று வருகிறது. அப்புறம்தான் அதிகாரங்களைப் பற்றிய பேச்சு. அது முடிந்த உடனே, அன்புகூருகிற கடனைத் தவிர வேறு கடன் படாதிருங்கள் என்கிறார். நடுவில் நிற்கும் அதிகாரிக்கு அவர் வைக்கும் பெயர் தேவஊழியக்காரன். ரோமில் இராயனுக்குத் தூபம் காட்டிய காலத்தில், அவனை இன்னொருவரின் வேலைக்காரன் என்று சொல்வது சாதாரணப் பேச்சல்ல.

இந்தக் கடிதம் ஏறக்குறைய கி.பி. 57இல், நீரோ ஆண்டபோது எழுதப்பட்டது. எழுதிய பவுலோ பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் அடிக்கப்பட்டுச் சிறையில் போடப்பட்டவர். மறுநாள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கீழ்ப்படிதல் என்பது வாயை மூடிக்கொள்வதல்ல. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு இதே ரோமர் 13ஐத் தனக்குக் கேடயமாக்கியபோது, அங்கிருந்த இறையியலாளர்கள் 1985இல் கைரோஸ் ஆவணத்தை வெளியிட்டு, அதை அரசு இறையியல் என்று பெயர் சொல்லியே மறுத்தார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தனக்குப் பிடிக்காத எந்தச் சட்டத்துக்கும், "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது. பேதுருவும் மற்றவர்களும் அதைச் சொன்னது இயேசுவின் நாமத்தைப் பேசக் கூடாது என்று தடுத்த யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால். சொல்லிவிட்டு அடியும் வாங்கினார்கள்.

"என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்பதைக் கேட்டதும் பலர் வானத்தைப் பார்க்கிறார்கள். இயேசு ரோம ஆளுநர் பிலாத்துவிடம் அடுத்து சொன்னதையும் சேர்த்து வாசியுங்கள்: அப்படி உரியதாக இருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே. அந்த ராஜ்யம் எங்கே இருக்கிறது என்பதைவிட, அது எங்கிருந்து வருகிறது, எந்த வழியில் வருகிறது என்பதுதான் அங்கே பேச்சு. வாளால் வராத ராஜ்யம் அது. மத்தேயுவின் பரலோகராஜ்யம் என்ற சொல்லும் இதே குழப்பத்துக்கு ஒரு காரணம். மாற்குவும் லூக்காவும் தேவனுடைய ராஜ்யம் என்று எழுதும் இடங்களில்தான் மத்தேயு அப்படி எழுதுகிறார். செத்த பிறகு போகும் ஊர் என்று மட்டும் எடுத்துக்கொண்டால், சித்தம் பூமியிலேயும் செய்யப்படுவதாக என்று தினமும் கேட்கிற ஜெபத்துக்கு அர்த்தம் இல்லாமல் போகிறது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் தேவனுடைய ராஜ்யத்தை இறையாட்சி என்று போட்டது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆட்சி என்றவுடன் இடம் மறைந்து, ஆள்பவர் முன்னால் வந்துவிடுகிறார்.

தேவன் ஒருவரைப் பயன்படுத்தினால் அவர் பக்திமான் என்று முடிவு செய்வதும் தவறுதான். ஏசாயா 45இல் பாரசீக ராஜா கோரேசை, தாம் அபிஷேகம்பண்ணினவன் என்று கர்த்தர் அழைக்கிறார். அதே இடத்திலேயே, நீ என்னை அறியாதிருந்தும் என்றும் சொல்லிவிடுகிறார்.

கடைசியாக, என்னை அதிகம் வருத்தும் ஒன்று. "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்று சொல்லி, சபைக் கணக்கைக் கேட்டவரை உட்கார வைத்த கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். சங்கீதம் 105ஐத் திறந்து பாருங்கள். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். நிலம் இல்லாமல், கொஞ்சம் பேராக, தேசம் தேசமாக அலைந்த பரதேசிகள். தொடாதே என்ற எச்சரிக்கை ராஜாக்களுக்குப் போகிறது. பலமுள்ளவனிடமிருந்து பலவீனனைக் காக்க எழுதிய வசனத்தை நாம் தலைகீழாக்கிவிட்டோம். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைத் தாவீது தொடவில்லையே என்பார்கள். உண்மைதான், என்கேதியின் குகையில் அவன் சவுலைக் கொல்லவில்லை. ஆனால் வெளியே வந்து, சவுலின் சால்வையிலிருந்து அறுத்தெடுத்த தொங்கலைக் கையில் காட்டி, நீர் என் பிராணனை வாங்கத் தேடுகிறீர், நமக்குள் கர்த்தர் நியாயம் விசாரிப்பாராக என்று மூவாயிரம் பேரோடு வந்த ராஜாவிடம் நேராகவே பேசினான். சவுல் சத்தமிட்டு அழுதான்.