எக்ஸ்ரேவுக்கு முன்னால் நாயைப் பாருங்கள்: பணி நாய்களின் கால் வலியில் நடக்கும் தவறுகள்

போன வாரம் இரவு பத்து மணிக்கு, படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு எக்ஸ்ரே அனுப்பினார். ஆறு வயது லாப்ரடார், மோப்ப நாய், வலது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. படத்துக்குக் கீழே ஒரே வரி: "ஹிப் டிஸ்பிளேசியா சார், பணிக்குத் தகுதியில்லைன்னு எழுதிடலாமா?" ஹிப் டிஸ்பிளேசியா என்றால் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருப்பது. நான் திருப்பிக் கேட்டது, "முட்டியைத் தொட்டுப் பார்த்தீங்களா?" பதில் வர வெகுநேரம் ஆனது.

இதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன், அதனால் ஒரு நல்ல நாயின் வேலை போயிருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வாய்ப்பூட்டு போடாமல் வலிக்கும் இடத்தை அமுக்குவது, எடை பார்க்காமல் மருந்து கணக்குப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை முதல் சில மாதங்களிலேயே சரியாகிவிடும். பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் செய்கிற தவறுகள்தான் எனக்குக் கவலை.

எக்ஸ்ரேவில் இடுப்பைப் பார்த்ததும் தேடலை நிறுத்துவது

இடுப்பு மூட்டில் தேய்மானம் தெரிகிறது என்பது ஒன்று. நாய் நொண்டுவதற்கு அந்த மூட்டுதான் காரணம் என்பது வேறொன்று. லாப்ரடாரிலும் ஜெர்மன் ஷெப்பர்டிலும் இடுப்பு மூட்டு தளர்வாக இருப்பது சகஜம், அப்படிப்பட்ட மூட்டை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் ரயில் பெட்டிகளையும் சரக்கு மூட்டைகளையும் மோப்பம் பிடித்த நாய்கள் உண்டு. அந்த நாய்க்குத் திடீரென்று ஒரு நாள் கால் வலித்தால், முந்தைய வாரம் வரை தொந்தரவு தராத மூட்டு இந்த வாரம் ஏன் தந்தது என்ற கேள்வி வர வேண்டும். வருவதில்லை. ஏனென்றால் படத்தில் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, பெயரும் கிடைத்துவிட்டது, வெளியே இன்னும் ஏழு பேர் காத்திருக்கிறார்கள்.

சுமார் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் என்னிடம் வந்தது நாலரை வயது லாப்ரடார், வெடிபொருள் தேடும் நாய். கூட வந்த ஹேண்ட்லர், அதாவது நாயைக் கையாள்பவர், சொன்னது இவ்வளவுதான்: "வண்டியில ஏற மாட்டேங்குது டாக்டர், மத்தபடி நல்லாத்தான் ஓடுது." அதோடு இன்னொன்றும் சொன்னார், கொட்டில் தரையைக் கழுவி விட்டிருந்தபோது அது ஓடி வந்து பின்னங்கால் இரண்டும் அகன்று சறுக்கி விழுந்தது என்று. அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி இடுப்பை மட்டும் படம் எடுத்தேன், இடது மூட்டின் ஓரத்தில் எலும்பு கொஞ்சம் வளர்ந்திருந்தது. ஹிப் டிஸ்பிளேசியா, பணிக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வெடிபொருள் நாயைத் தயார் செய்ய ஆறு மாதப் பயிற்சி ஆகிறது, அதற்கு அப்புறம் நாயும் ஹேண்ட்லரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளும் காலம் தனி. அத்தனையும் ஒரு கையெழுத்தில் முடிந்தது.

எட்டு மாதம் கழித்து அதே நாய் காதுப் புண்ணுக்காக என்னிடம் வந்தது. அதை எடுத்து வளர்த்த குடும்பம் சொன்னது, மொட்டை மாடிக்கு தினமும் நான்கு முறை படியேறி ஓடுகிறதாம், ஒரு நொண்டலும் இல்லையாம். திரும்ப எக்ஸ்ரே எடுத்தேன். இடுப்பு மூட்டு அப்படியே இருந்தது, எதுவும் குறையவில்லை. இந்தத் தடவைதான் கையால் பொறுமையாகத் தொட்டுப் பார்த்தேன். இடது தொடை இடுக்கின் ஆழத்தில் விரலை வைத்து அழுத்தியதும் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது. அங்கே இருப்பது இலியோசோவாஸ், கீழ்முதுகிலிருந்து தொடைக்கு ஓடும் தசை. நாய் சறுக்கியபோது அது இழுபட்டிருக்கிறது, ஓய்வு கிடைத்ததும் தானாகவே பெரும்பகுதி ஆறியிருக்கிறது. ஓரிரு மாதக் கட்டுப்பாடான ஓய்வும் ஒழுங்கான பயிற்சியும் கொடுத்திருந்தால் அது பணிக்கே திரும்பியிருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன், அந்த ஹேண்ட்லரிடம் அதை நேரில் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பின்னங்காலைப் பின்பக்கமாக நீட்டினால் நாய் கத்துகிறது என்றால், உடனே இடுப்பு மூட்டு என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரே அசைவில் மூன்று இடங்கள் வலிக்கலாம். இடுப்பு மூட்டு, இலியோசோவாஸ், அப்புறம் கீழ்முதுகின் கடைசி எலும்பும் அதற்குப் பின்னால் உள்ள திரிக எலும்பும் சேரும் இடம். இலியோசோவாஸ் கீழ்முதுகு எலும்புகளிலும் இடுப்பெலும்பிலும் தொடங்கி, தொடை எலும்பின் உள்பக்கத்தில் மேலே உள்ள ஒரு சிறிய புடைப்பில் முடிகிறது, அதனால் காலைப் பின்னால் நீட்டி, கூடவே தொடையை உள்பக்கமாகத் திருகினால் அது இன்னும் இழுபடும், வலி கூடும். காலை நீட்டாமல், மடக்கிய நிலையிலேயே வெளிப்பக்கம் அகற்றினாலும் சுழற்றினாலும் வலிக்கிறது என்றால் மூட்டின் மேல் சந்தேகப்படலாம். காலைத் தொடவே தொடாமல் கீழ்முதுகை மேலிருந்து அமுக்கினாலோ, வாலை மேலே தூக்கினாலோ வலிக்கிறது என்றால் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும், ஜெர்மன் ஷெப்பர்டில் இது அதிகம். இதற்குக் கருவி வேண்டாம், பணம் வேண்டாம், கால் மணி நேரம் போதும். நல்ல காலை முதலில் பாருங்கள், வலிக்கும் காலைக் கடைசியில் தொடுங்கள், நாய் கத்தும் வரை காத்திருக்காதீர்கள். மூச்சு ஒரு கணம் நிற்பது, உதட்டை நக்குவது, தலையைத் திருப்புவது, இவையும் பதில்தான்.

மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தபிறகு இந்தச் சோதனைகளைச் செய்யலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மயக்கத்தில் வலியைக் காட்ட நாய் விழித்திருக்காது. மயக்கத்தில் பார்க்க வேண்டியது முட்டியின் ஆட்டத்தை, ஏனென்றால் விழித்திருக்கும் நாய் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

முட்டி என்றதும் அந்த இளம் மருத்துவரின் நாய்க்கு வருகிறேன். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். உட்காரச் சொன்னதும் வலது காலை மடக்காமல் வெளிப்பக்கம் நீட்டி உட்கார்ந்தது, அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. முட்டியின் உள்பக்கம் தடித்திருந்தது. தையற்காரரின் அளவு நாடாவால் இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் அளந்தால் வலது தொடை இளைத்திருந்தது. மயக்கத்தில், முட்டியை நேராக வைத்துப் பார்த்தபோது ட்ராயர் சோதனையில் (தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு முட்டிக்குக் கீழே உள்ள எலும்பை முன்னால் தள்ளிப் பார்ப்பது) அசையவில்லை, மடக்கி வைத்துப் பார்த்தபோது அசைந்தது. முட்டி எலும்புகளைப் பிணைத்து வைக்கும் நாரான முன் குருசியேட் லிகமென்ட் பாதி கிழிந்திருந்தால் இப்படித்தான் ஏமாற்றும். நாயில் இது பெரும்பாலும் ஒரே அடியில் அறுவதில்லை, மாதக்கணக்கில் நைந்து நைந்துதான் கிழிகிறது, அதனால் "எங்கேயும் விழவே இல்லையே" என்று ஹேண்ட்லர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். அந்த இளம் மருத்துவர் அனுப்பிய எக்ஸ்ரேவில் முட்டி இல்லவே இல்லை. முட்டியை மட்டும் தனியாக எடுத்த படத்தில் மூட்டுக்குள் நீர் கோத்திருந்தது தெரிந்தது. இப்போது அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இடுப்பு என்று எழுதி ஓய்வு கொடுத்திருந்தால், மீதி லிகமென்ட்டும் அறுந்து, முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸும் நசுங்கியிருக்கலாம்.

துடிப்பாக ஓடுவதை ஆரோக்கியம் என்று நினைப்பது

பெல்ஜியன் மாலினாய்க்குப் பந்தைக் காட்டிவிட்டு நடையைப் பார்க்காதீர்கள். பந்து கண்ணில் பட்டால் அது மூன்று காலிலும் ஓடும், வலி அதன் நினைவிலேயே இருக்காது. சங்கிலியைத் தளர்வாகப் பிடித்து, மெதுவான நடையிலும் பிறகு துள்ளோட்டத்திலும் முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கத்திலிருந்து செல்போனில் மெதுவோட்ட வீடியோ எடுங்கள். முன்னங்கால் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது தாழும். சென்னையில் இதைக் காலை ஏழு மணிக்கு முன்னால் செய்துவிடுங்கள். மே மாதத் தார் ரோட்டில் பாதம் வெந்த நாயும் நொண்டித்தான் நடக்கும், எனவே எதற்கும் முன்னால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். வண்டியில் ஏறத் தயங்குகிறது, உட்கார்ந்து எழ நேரமாகிறது, திரும்பும்போது ஒரு பக்கமாக மட்டும் திரும்புகிறது என்று ஹேண்ட்லர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தினமும் பார்ப்பவர் அவர்.

உண்ணிக் காய்ச்சலை மறப்பது

நம் ஊரில் உண்ணி இல்லாத மாதம் இல்லை. இன்று இடது முன்னங்கால், நாளை வலது பின்னங்கால் என்று நொண்டல் இடம் மாறுகிறது, கூடவே சோர்வு, காய்ச்சல், சாப்பாட்டில் விருப்பமின்மை என்றால் அது அடிபட்ட கால் இல்லை, உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி மாதிரியானவை தரும் உண்ணிக் காய்ச்சலால் மூட்டுகள் வீங்கியிருக்கலாம். ரத்தப் பரிசோதனை முதலில், முக்கியமாகத் தட்டணுக்களின் எண்ணிக்கை. தட்டணு குறைந்திருக்கும் நாய்க்கு வலி மருந்து கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும். எர்லிக்கியா என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 28 நாள், நொண்டல் ஐந்தாம் நாளே நின்றாலும் 28 நாள்.

நமக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

ஸ்டீராய்டையும் வலி மருந்தையும் சேர்த்துப் போடுவது

வயிற்றிலோ குடலிலோ ஓட்டை விழலாம். முன்பு என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்காமல் மெலாக்சிகாம் மாதிரி வலி மருந்தைத் தொடங்காதீர்கள்.

நகம் தேய்வதைக் கவனிக்காதது

பின்னங்கால் நகங்களின் மேல்பக்கம் தேய்ந்திருந்தால், பாதம் மடங்கித் தரையில் இழுபடுகிறது. அது நரம்புக் கோளாறு. வலியே இல்லாமல் பின்பகுதி தள்ளாடும் வயதான ஜெர்மன் ஷெப்பர்டை மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்ததை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

கடற்கரை மணலில் ஓட்டுவது

புண்பட்ட தசைக்கு இளகிய மணல் பெரிய சுமை. "மணல் மெத்து மெத்துன்னு இருக்குமே டாக்டர்" என்று மெரினாவில் ஓட்டியவர்கள் திரும்ப வருகிறார்கள். ஈர மணலில் மெதுவாக நடத்துவது பிறகு, ஓட்டம் இன்னும் பிறகு.

நொண்டல் நின்றதும் பணிக்கு அனுப்புவது

வலி மருந்து கொடுத்த மூன்றாம் நாள் நாய் நன்றாகத்தான் நடக்கும். தசை ஆற வாரங்கள் ஆகும், தசைநாண் ஆற மாதங்கள் ஆகும், மருந்து மறைத்தது வலியை மட்டுமே. முக்கியப் பாதுகாப்புப் பணி வருகிறது, நாய் வேண்டும் என்று மேலதிகாரி கேட்கும்போது ஹேண்ட்லரால் மறுக்க முடியாது, அதனால் "ஓய்வு" என்று ஒற்றை வார்த்தையில் எழுதாமல் என்னென்ன கூடாது என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். லேசான இலியோசோவாஸ் இழுப்புக்கு நான் எழுதுவது இப்படி: முதல் இரண்டு வாரம் சங்கிலியில் ஐந்து நிமிட நடை, நாளைக்கு மூன்று நான்கு முறை, தாவல், படி, பந்து எதுவும் கிடையாது, கிரானைட், மொசைக் தரையில் ரப்பர் விரிப்பு. மூன்றாவது வாரத்திலிருந்து நடை நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஆறாவது வாரத்தில் திரும்பத் தொட்டுப் பார்த்து வலி இல்லையென்றால் துள்ளோட்டம், தரையில் கிடத்திய கம்புகளைத் தாண்டி நடப்பது. மோப்பப் பயிற்சியை மட்டும் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்த இடத்தில் கொடுக்கலாம், மூக்குக்கு ஓய்வு தேவையில்லை, வேலை செய்யாத மாலினாய் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றியே காலைக் கெடுத்துக்கொள்ளும். வண்டிக்குள் தாவுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவரை ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு ஏற்றுங்கள், அது இல்லையென்றால் இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள்.