சுகாதார மையத்துக்குப் புதிய கட்டடம்: வரைபடத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

இலாப நோக்கற்ற சுகாதார மையம் ஒன்று கட்டட உதவி கேட்டு வரும்போது, பெரும்பாலும் அதன் கையில் வரைபடம் ஏற்கெனவே இருக்கும். அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மையத்தால் ஆண்டுதோறும் எவ்வளவு கடன் தவணை கட்ட முடியும் என்பதை முதலில் கண்டறியுங்கள்.

படி 1: தாங்கும் அளவு

கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளை வாங்குங்கள். ஆண்டு உபரியிலிருந்து ஒருமுறை மட்டும் வந்த நன்கொடைகளைக் கழித்து, ரொக்கமாக வெளியே போகாத தேய்மானத்தையும் (கருவிகள் போன்றவை பழையதாகி மதிப்பு குறைவதற்காகக் கணக்கில் மட்டும் எழுதும் செலவு) மிச்சமாகப்போகும் வாடகையையும் கூட்டி, புதிய கட்டடத்தின் மின்கட்டணம், பராமரிப்பு, கூடுதல் ஊழியர் சம்பளம் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கழித்தலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இவ்வாறு 12 லட்சம் மிஞ்சுகிறது என்று கொள்வோம். கடன் தருவோர் பொதுவாகத் தவணையைப் போல் 1.2 மடங்காவது உபரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதால், ஆண்டுத் தவணை 10 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், அந்தத் தவணை ஏறத்தாழ 98 லட்சம் கடனைத் தாங்கும். 10 ஆண்டுகளுக்கு வாங்கினால் 67 லட்சத்தைத்தான் தாங்கும். வட்டி விகிதத்துக்காகப் பேரம் பேசும் அளவுக்குக் கடன் காலத்துக்காக யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

படி 2: எத்தனை அறைகள்?

ஒரு பரிசோதனைக்கு 20 நிமிடம் என்றால் ஓர் அறையில் 8 மணி நேரத்தில் 24 பேரைப் பார்க்கலாம். தாமதம், சுத்தம் செய்யும் நேரம் போக 18 பேர் என்று கொள்வதே பாதுகாப்பானது. நாளொன்றுக்கு 180 பேர் வருவார்கள் என்றால் 10 அறைகள் போதும். அறைகளின் பரப்பைக் கூட்டினால் மட்டும் கட்டடத்தின் பரப்பு கிடைத்துவிடாது. நடைவழி, சுவர், படிக்கட்டு, மின்சாதன அறை ஆகியவற்றுக்கும் கணிசமாக இடம் வேண்டும்.

படி 3: மொத்தச் செலவு

ஒப்பந்ததாரர் தரும் மதிப்பீடு மொத்தச் செலவாகாது. கட்டடக் கலைஞர் கட்டணம், மண் பரிசோதனை, அனுமதிகள், மருத்துவக் கருவிகள், கட்டுமானக் கால வட்டி, இடமாற்றச் செலவு, எதிர்பாராச் செலவுக்குக் குறைந்தது 5 முதல் 10 சதவீதம் என அனைத்தையும் சேர்த்த பிறகே நன்கொடையாளர்களிடம் தொகையைச் சொல்ல வேண்டும்.

படி 4: நிதி ஆதாரங்கள்

செலவுகளை ஒருபுறமும், சொந்த நிதி, நன்கொடை, மானியம், கடன் ஆகியவற்றை மறுபுறமும் எழுதி, இரண்டும் சமமாகும்வரை திருத்துங்கள். ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அது கைக்கு வரும் மாதத்தையும் குறிப்பது அவசியம். ஐந்தாண்டுகளில் தருவதாக ஒருவர் வாக்களித்த நன்கொடையால் இந்த மாதத்து ஒப்பந்ததாரர் பில்லைக் கட்ட முடியாது. செலவு செய்த பிறகே திரும்பக் கிடைக்கும் மானியமும் அப்படித்தான். இடைப்பட்ட காலத்துக்குத் தனியாக ஓர் இடைக்காலக் கடன் தேவைப்படும். நிலம் தானமாக வந்திருந்தால், அதை அடமானம் வைக்கத் தானப் பத்திரம் இடம் தருகிறதா என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 5: கட்டுமானமும் திறப்பும்

ஒப்பந்ததாரரின் பில்கள் அனைத்தையும் மையத்தின் சார்பில் ஒரு பொறியாளர் களத்தில் சரிபார்த்த பின்னரே பணம் வழங்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, குறைகள் சரிசெய்யப்பட்ட பிறகு விடுவிக்கலாம். திறந்த முதல் மாதமே அறைகள் நிரம்பிவிடாது. ஆகவே, முதல் சில மாதங்களின் சம்பளத்துக்கும் மருந்துக்கும் தனி இருப்பு வைத்து, அசல் தவணை தொடங்கும் தேதியைத் திறப்புக்குச் சில மாதங்கள் பின்னே தள்ளுமாறு கடன் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.