தறிக்கூடத்துக்குப் பின்னால் பத்து நிமிடம்
சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஷிப்ட் முடிந்து வந்தால் பேனா பிடிக்கக் கை ஒத்துழைக்காது. ஒரு சிறுகதை எட்டு மாதம் பாதியில் கிடந்தது. கூகுள் விசைப்பலகையில் 2017 முதலே தமிழில் பேசி எழுதும் வசதி உண்டு. தறிச் சத்தத்தில் அதற்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அதனால் தேநீர் இடைவேளையில் பின்புறத் தென்னந்தோப்புக்குப் போய், அறிவிப்புகளை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கதையைச் சொல்கிறேன்.

உறவினர், விருந்தாளிகளைக் குறிக்க அம்மா வாயில் வரும் ‘ஒறம்பரை’ என்ற கொங்குச் சொல்லை மட்டும் அது ஒவ்வொரு முறையும் வேறெதுவாகவோ எழுதியது. அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. விசைப்பலகையின் தனிப்பட்ட அகராதியில் சேர்த்தேன். இப்போது ஞாயிறு காலை திருத்தும்போது ‘ஒற’ என்று தட்டினாலே வந்து நிற்கிறது. ஒறம்பரை வந்திறங்கும் காட்சியைச் சென்ற வாரம் முடித்துவிட்டேன்.