சிங்கப்பூரில் சிறைப்பட்ட தாத்தாவின் தடத்தைத் தேடுவது எப்படி

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள். உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ அவர்களில் ஒருவர் என்றால், தேடலை வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் தேட வேண்டியது படைவிலகல் சான்று. அதிலுள்ள படை எண் பெயரைவிட முக்கியமானது. ஏனெனில் நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் ஆங்கிலத்தில் விதவிதமாக எழுதிவைத்தார்கள். சான்று கிடைக்காவிட்டால் பதக்கங்களைப் பாருங்கள். 'பசிபிக் ஸ்டார்' மலாயா, சிங்கப்பூர்ப் போரைக் காட்டும். 'ஆப்பிரிக்கா ஸ்டார்' மட்டும் இருந்தால், அவர் இத்தாலிய அல்லது ஜெர்மானிய முகாமில் இருந்திருக்கக்கூடும்.

எண்ணும் படைப்பிரிவும் தெரிந்தபின் அப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு வாரிசுச் சான்றுடன் எழுதுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன். திரும்பி வராதவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

இனி வருவது கடினமான பகுதி. 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்கள் தனியே திரட்டப்பட்டு, கேப்டன் மோகன் சிங் தலைமையில் உருவாகவிருந்த இந்திய தேசிய ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார்கள். சேர மறுத்தவர்களில் பலர் நியூகினி போன்ற தொலைதூரத் தீவுகளுக்குக் கட்டாய உழைப்புக்காகக் கப்பலேற்றப்பட்டார்கள். சேர்ந்தவர்களோ போருக்குப்பின் பிரிட்டிஷாரால் விசாரிக்கப்பட்டு, அவர்களுக்கு எவ்வளவு விசுவாசமானவர்கள் என்பதன்படி வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தப்பட்டார்கள். கறுப்பில் வைக்கப்பட்டவர்கள் வேலையையும் சிறைக்காலச் சம்பளத்தையும் இழந்தார்கள். ஆகவே சான்றில் விலகல் காரணம் புதிராக இருந்தால், புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள இந்திய தேசிய ராணுவக் கோப்புகளையும் பாருங்கள். பசியும் நோயும் சூழ்ந்த முகாமில் எடுத்த முடிவு எதுவாயினும், அதற்காக அவரை விசாரணைக் கூண்டில் நிறுத்தாதீர்கள்.

தாள்களுக்குக் காத்திருக்கும் நாட்களில் வீட்டின் மூத்தவர்களிடம் பேசிவிடுங்கள். "முகாமில் என்ன நடந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே கிடைக்கும். அவர் எதை உண்ண மறுத்தார், தட்டில் ஒரு பருக்கை மீந்தால் என்ன செய்வார், தூக்கத்தில் எந்த மொழியில் பேசினார் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே, சொன்னவர் பெயருடன் எழுதிவையுங்கள். ஆவணத்தோடு ஒத்துவராத தேதியையும் திருத்தாமல், பக்கத்தில் குறிப்பு மட்டும் இடுங்கள்.