லிண்டிஸ்ஃபார்னில் தங்கப் போகிறீர்களா? கடலின் நேரத்தை முதலில் பாருங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் இந்தக் குட்டித் தீவுக்குப் போகிற ஒரே சாலை தினமும் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கிவிடும். அதனால் காட்டேஜ் முன்பதிவு செய்யும் முன்பே நார்தம்பர்லாந்து கவுன்டி கவுன்சில் வெளியிடும் பாதுகாப்பான நேர அட்டவணையைப் பாருங்கள், வருகிற நாளுக்கு மட்டுமல்ல, கிளம்புகிற நாளுக்கும். ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஒரு வாரத்தில் கணக்கு கிட்டத்தட்ட தலைகீழாகிவிடும். போகும்போது நண்பகலில் காய்ந்து கிடந்த சாலை, சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அதே நேரத்துக்குத் தண்ணீருக்கடியில் இருக்கலாம். அப்படி இருந்தால் சாவி நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மளிகையைத் தீவுக்குள் வருமுன், கரையில் இருக்கும் பெரிக் (Berwick) ஊரிலேயே வாங்கிவிடுவது நல்லது.

அப்புறம், "தண்ணீர் கொஞ்சம்தானே இருக்கு" என்று அட்டவணை நேரம் முடிந்தபின் காரை இறக்கவே வேண்டாம். வழியில் தூண்கள்மேல் தண்ணீரில் மாட்டிக்கொள்பவர்கள் ஏறி ஒதுங்க ஒரு கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் மாட்டியிருப்பார்கள், யோசியுங்கள்! காற்று பலமாக அடித்தால் இன்னும் முன்னதாகவே கடந்துவிடுங்கள்.

தங்குபவர்களுக்கு ஒரு லாபமும் உண்டு: சாலை மூடும் முன் பகல்நேரக் கூட்டம் கிளம்பிவிடும், துறைமுகத்தில் நிம்மதியாக நடக்கலாம்.